‘பராசக்தி’யைப் படைத்தது யார்?

திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில், நம் தோழர்கள் நடத்திவரும் சிறு படிப்பகம் ஒன்றில், ஒரு ஞாயிறு மாலை, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, 1952ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பராசக்தி’ படத்தைப் போட்டுப் பார்த்தோம். ஷிப்ட் முடித்து வந்த தொழிற்சாலைத் தோழர்கள், கல்லூரி மாணவர்கள், தையற்கடைத் தோழர் ஒருவர், நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் என நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். நீதிமன்றக் காட்சிக்கு எழுந்த கையொலி அடங்குமுன்னரே வாதம் எழுந்துவிட்டது!

“கலைஞரின் எழுதுகோல் இல்லையேல் இந்தப் படம் ஏது?” என்றார் ஒரு தோழர்.

“சிவாஜியின் குரல் இல்லையேல் அந்த எழுதுகோல் எழுதியது காகிதத்திலேயே கிடந்திருக்கும்!” என்றார் மற்றொருவர்.

உடனே இரண்டு கட்சி. இரவு ஒன்பது மணிக்குமேலும் வழக்கு நடந்தது. தீர்ப்புக் கூறுமாறு ஆசிரியர் என்ற முறையில் நம்மைக் கேட்டனர். நாம் கூறவில்லை, கூற இயலவில்லை. ஏனெனில், அதே கிழமையில், அதே படிப்பகத்தில், நாம் எழுதிய நாடகம் ஒன்று ஒத்திகையிலேயே உடைந்து போகும் நிலையில் இருந்தது. நாடகம் யாருடையது? எழுதிய நம்முடையதா, நடிக்கும் தோழர்களுடையதா? இந்தக் கேள்வி நம் நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில், ‘பராசக்தி’ யாருடையது என்ற கேள்விக்கு எப்படி எளிதில் விடை சொல்வது?

அன்று சொல்லாத தீர்ப்பைத்தான் இன்று எழுதுகிறோம்.

‘நம்பிக்கை’ என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மவர் சற்றுத் தயங்குவதுண்டு. கேள்வி கேள், சான்று கேள், பிறகு ஒப்புக்கொள் என்று பயின்றவர்கள் நாம். எனவே மனிதர்மீது வைக்கும் நம்பிக்கையையும் மூடநம்பிக்கையின் தங்கை என்றே சிலர் எண்ணிவிடுகின்றனர். மன்றத்துக்கு ஒருவர் புதிதாய் வந்தால் ஐயம். அவர் ஒரு யோசனை சொன்னால் ஐயம். அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னே நின்று எட்டிப் பார்க்கும் ஐயம்! இதைப் பகுத்தறிவு என்று பெயரிட்டு அழைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமையும்கூட.

வள்ளுவர் இதில் நம்மைவிடத் தெளிவுடையவர். ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புவதும் துன்பம். ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் துன்பம் என்பது அதன் முடிவு. முன்பாதியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பின்பாதியை வசதியாக மறந்துவிடுகிறோம். அந்தப் பின்பாதியின் வரலாறுதான் ‘பராசக்தி’.

வரலாற்றைப் பார்ப்போம். பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம் ஒன்று மேடையில் புகழ்பெற்றிருந்தது. அதைப் படமாக்க முன்வந்தவர் நேஷனல் பிக்சர்ஸ் பி. ஏ. பெருமாள். வேலூர்க்காரர். ஏவி.எம். மெய்யப்பன் கூட்டுச் சேர்ந்தார். திரைக்கதையும் உரையாடலும் மு. கருணாநிதி. இயக்கம் கிருஷ்ணன், பஞ்சு என்ற இருவர். இசை ஆர். சுதர்சனம். கதைத்தலைவனாக ஒரு நாடக நடிகர், திரைக்குப் புதியவர். யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் நாடகக் குழுவில் சிறுவனாய்ச் சேர்ந்து, பெண் வேடம் முதல் அரசன் வேடம் வரை ஏற்றுப் பழகியவர். அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜியாக நடித்து, பெரியார் வாயால் ‘சிவாஜி’ என்று அழைக்கப்பெற்ற கணேசன். மாதம் 250 ரூபாய் ஊதியம்.

படப்பிடிப்புத் தொடங்கிற்று. சில பகுதிகள் எடுத்து முடிந்ததும் மெய்யப்பனுக்கு நிறைவில்லை. இளைஞர் மெலிந்திருக்கிறார், திரையில் எடுபடவில்லை. இவரை நீக்கிவிட்டுக் கே. ஆர். இராமசாமியைப் போடலாம் என்பது அவர் கருத்து. இராமசாமி அப்போதே பெயர்பெற்ற நடிகர். நம் மேடைகளின் செல்லப்பிள்ளை. அவரைக் கொண்டுவந்தால் வணிகத்துக்கும் உறுதி. யார் குறை சொல்ல முடியும்?

பெருமாள் இசையவில்லை. கணேசன்தான் நடிக்க வேண்டும் என்று நின்றார். கூட்டாளியோ பெரியவர், படப்பிடிப்பு நிலையமோ அவருடையது, பணமும் பெரிது. அப்படியிருந்தும் நின்றார்!

இங்கே நம் தோழர்கள் ஒரு தவறு செய்வர். பெருமாளை நல்லவராகவும் மெய்யப்பனைக் கெட்டவராகவும் இரண்டு தட்டில் வைத்து எடை போட்டுவிடுவர். அது திறனாய்வு ஆகாது; தெருக்கூத்தின் கட்டியங்காரன்கூட அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லமாட்டான். பெருமாளின் நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. கணேசனின் மேடை நடிப்பைக் கண்டவர் அவர். கண்டதை வைத்து நம்பினார். மெய்யப்பனின் ஐயமும் வெறும் வீம்பன்று. எடுத்த சுருளைக் கண்டவர் அவர். கண்டதை வைத்து ஐயுற்றார். மேடையில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய முகம் வேறு. காமிராவின் முன்னே ஒரு முழத் தொலைவில் நிற்கும் முகம் வேறு. இருவர் கையிலும் சான்று இருந்தது. சான்றுகள் இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டன.

அப்போது என்ன நடந்தது என்பதே நமக்குப் பாடம். ஆளை மாற்றவில்லை, அதே வேளையில் குறையை மூடி மறைக்கவுமில்லை. நிறைவளிக்காத பகுதிகளை மீண்டும் எடுத்தனர். நம்பிக்கை ஆளைக் காப்பாற்றிற்று. ஐயம் வேலையைத் திருத்திற்று. மெய்யப்பன் ஐயுறாதிருந்தால் முதற்பகுதி சோர்ந்த நடையிலேயே நின்றுபோயிருக்கலாம். பெருமாள் நம்பாதிருந்தால், இன்று நாம் ‘சிவாஜி’ என்றால் மராட்டிய மன்னரை மட்டுமே நினைத்திருப்போம்!

1952 அக்டோபர் 17ஆம் நாள் படம் வெளிவந்தபோது, உரையாடல் எழுதியவருக்கு அகவை 28, நடித்தவருக்கு 24. தடை செய் என்று கூச்சல் எழுந்தது. படமோ 175 நாட்களையும் கடந்து ஓடிற்று. பின்னாளில் சிவாஜி கணேசன் பொங்கல்தோறும் வேலூருக்குச் சென்று, பெருமாளின் இல்லத்தில் சீர் வைத்து வணங்கி வந்தார். கடவுளுக்குப் படைக்கும் காணிக்கையை நாம் கேலி செய்கிறோம். மனிதனுக்கு மனிதன் காட்டிய இந்த நன்றியைக் கேலி செய்ய யாருக்கு நா எழும்?

இனிப் படத்துக்குள் நுழைவோம். நீதிமன்றக் காட்சியைப் பற்றிப் பேசாதார் இல்லை. கோயிலில் தன் தங்கையைக் கெடுக்க முனைந்த பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காகக் குணசேகரன் கூண்டில் நிற்கிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். கேட்கும் நமக்கு உரையின் அழகும் குரலின் ஏற்ற இறக்கமும் தெரிகின்றன. தெரியாமல் நிற்பது ஒன்று உண்டு. எழுதியவர் அவ்வளவு நீண்ட வாக்கியத்தை எழுதத் துணிந்தது, அதை மூச்சு முறியாமல் பேச ஒருவர் உளர் என்ற துணிவால். நடித்தவர் அவ்வளவு தாழ்ந்த குரலில் தொடங்கத் துணிந்தது, உச்சத்துக்கு ஏறும் படிகளை எழுதியவர் ஒழுங்காகக் கட்டிவைத்திருக்கிறார் என்ற துணிவால். இயக்குநர்களோ, ‘ஒருவன் இவ்வளவு நேரம் நின்று பேசினால் மக்கள் எழுந்து போய்விடுவார்களே!’ என்று அஞ்சி, இடையே ஓர் ஆட்டத்தைச் செருகவில்லை. காத்திருந்தனர். காத்திருப்பதும் ஒரு கலை என்பதை அந்தக் காட்சியில் காண்கிறோம்.

அந்த இயக்குநர்களைப் பற்றியும் ஒரு சொல். கிருஷ்ணனும் பஞ்சுவும் இரு மனிதர், ஒரு பெயர். 1944ஆம் ஆண்டின் ‘பூம்பாவை’ தொடங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை இணைந்தே இயக்கியவர்கள். பஞ்சு படத்தொகுப்பும் செய்தார். அதற்குப் ‘பஞ்சாபி’ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார். ஒரு நாற்காலியில் ஒருவர் அமர்வதே நம் நாட்டில் பெரும்பாடு. பக்கத்தில் உள்ளவர் இழுத்துவிடுவார். ஒரே நாற்காலியில் இருவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்ததை வியப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது!

இன்னொரு சான்று. கலைஞரின் உரையாடலுக்குப் பெயர் வாங்கித் தந்த மற்றொரு படம், 1950ஆம் ஆண்டின் ‘மந்திரி குமாரி’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியீடு. அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். உரையாடலுக்காகவே பேசப்பட்ட ஒரு தமிழ்ப் படத்தைத் தமிழ் தெரியாத ஒருவர் இயக்கினார் என்றால், எத்தனை பேரின் செவியை அவர் தம் செவியாகக் கொண்டிருக்க வேண்டும்! படம் முடியுமுன் அவர் நாடு திரும்ப நேர்ந்தது. நிலைய உரிமையாளர் டி. ஆர். சுந்தரம் முடித்தார். தமக்குத் தெரியாததை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் நம்பிக்கையின் முதற்படி. எல்லாம் தெரிந்தவருக்குக் கூட்டாளி தேவையில்லை, எடுபிடி போதும்.

இத்தனையும் புகழ். குறையே இல்லையா? உண்டு, நம் படம் என்பதற்காகச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

முதற்குறை, பெயர்களைப் பற்றியது. ‘பராசக்தி’ என்றதும் இரண்டு பெயர் சொல்கிறோம். கதைக்கு வித்திட்ட பாவலர் பாலசுந்தரத்தின் பெயரை எத்தனை மேடையில் கேட்டோம்? கல்யாணியாக வந்து கதையின் துயர் முழுவதையும் சுமக்கும் ஸ்ரீரஞ்சனியை எத்தனை பேர் சொல்கின்றனர்? இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 1928ஆம் ஆண்டில் பெர்லினில் அரங்கேறிய பிரெக்டின் புகழ்பெற்ற இசைநாடகத்துக்கு மூலமான ஆங்கில நாடகத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தந்தவர் எலிசபெத் ஹாப்ட்மன் என்ற பெண்மணி. அவர் உழைப்பு நெடுங்காலம் பிரெக்ட் என்னும் பெரும்பெயரின் நிழலிலேயே கிடந்தது. உழைப்பின் பங்கைக் கேட்டுப் போராடும் நாம், கலையில் மட்டும் ஒருவர் தலையிலேயே மகுடம் வைத்துவிட்டுக் கலைந்துபோகிறோம். உழைத்தவர் பெயரை மறைக்கும் இடத்தில் மறுமுறை உழைக்க யார் வருவார்? நம்பிக்கையின் வேர் கணக்கில் இருக்கிறது; யார் என்ன செய்தார் என்னும் நேர்மையான கணக்கில்!

இரண்டாங்குறை, படத்தின் உள்ளே இருப்பது. எழுத்தாளர் நடிகரை நம்பினார். இயக்குநர்கள் எழுத்தாளரை நம்பினர். ஆனால் பார்ப்பவரை யாரும் முழுமையாக நம்பவில்லை. இரங்கூனிலிருந்து வந்து, பணத்தைப் பறிகொடுத்து, கைம்பெண்ணாகி இட்லிக் கடை வைத்துப் பிழைக்கும் தங்கையின் முன்னே தன்னை அண்ணன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல், பைத்தியக்காரனாக நடிக்கிறான் குணசேகரன். அவன் கண் ஒன்றே போதும். அங்கே முழுக்கதையும் இருக்கிறது. எனினும் படம் நம்மை அக்கண்ணோடு தனியே விடுவதில்லை. பார்த்ததையே மீண்டும் சொல்கிறது, சொன்னதை விளக்குகிறது, விளக்கியதை முழங்குகிறது. அக்காலத்து மக்களுக்கு அது தேவைப்பட்டது என்பர். இருக்கலாம். ஆனால் சொல்லாமலே விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பாமரனுக்கு இல்லை என்று எண்ணுவது, எழுதத் தெரிந்தவர்க்கு வரும் ஒருவகை மேட்டிமை. படைப்பில் கடைசிக் கூட்டாளி பார்ப்பவனே. அவனுக்கும் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும்.

இதைச் சொல்ல நமக்குத் தகுதி வந்தது படித்த பட்டத்தால் அன்று, பட்ட அடியால்.

நம் நாடகம், பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17ஆம் நாள் மாலையில் மேடையேற வேண்டும். சாதி கடந்து மணம்புரிய விரும்பும் மகள், தடுக்கும் தந்தை. முடிவில் தந்தை மனம்மாறிப் பேசும் பேச்சு, முழுத்தாளில் ஒன்றரைப் பக்கம்! எழுதி முடித்த இரவில் நாமே நமக்குக் கைதட்டாத குறைதான். தந்தை வேடம் லேத்துப் பட்டறையில் வேலைபார்க்கும் தோழர் ஒருவருக்கு. மகளாகக் கல்லூரி மாணவி ஒருவர். ஒளி அமைப்புக்கு இன்னொருவர்.

ஒத்திகை நடந்த விதத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினோம். கை எங்கே இருக்க வேண்டும், கால் எங்கே இருக்க வேண்டும், எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும்! வகுப்பறையில் பிரம்பில்லாமல் பாடம் நடத்துவதாகப் பெருமை பேசும் நாம், ஒத்திகையில் நாவைப் பிரம்பாக்கினோம். பத்துமணி நேரம் நின்று உழைத்துவிட்டு வந்த தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக வராமல் போயினர். வராததற்கு ஷிப்ட் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ஷிப்ட் மாறவில்லை, மனம் மாறிவிட்டது.

ஒருநாள் லேத்துத் தோழர் மெதுவாகக் கேட்டார்: “சார், அந்தக் கடைசிப் பேச்சை நான் பேசலைன்னா என்ன? மக வீட்டை விட்டுப் போறா. நான் அவ செருப்பை எடுத்து வாசல்ல திருப்பி வெக்கிறேன். அவ்வளவுதான். எங்கப்பா அப்படித்தான் செஞ்சார், எங்க அக்கா போனப்ப.”

நமக்குச் சினம் வந்தது. ஒன்றரைப் பக்கத்தை ஒரு செருப்புக்கு விற்பதா? “கருத்துப் போய்விடும் தோழரே!” என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் ஒத்திகைக்கும் வரவில்லை.

அதன்பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் ‘பராசக்தி’ பார்த்தோம். பைத்தியக்கார வேடத்தில் நிற்கும் அந்த அண்ணனின் கண்ணைக் கண்டபோது, கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த லேத்துத் தோழரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணும் அப்படியே இருந்தது. கல்லூரிப் படிப்பு நமக்குச் சொற்களைத் தந்திருக்கிறது. அவர் வாழ்வு அவருக்கு ஒரு காட்சியைத் தந்திருக்கிறது. நம் சொல் நாம் கேட்டது; அவர் காட்சி அவர் கண்டது. சான்று கேட்பதுதான் பகுத்தறிவு என்றால், யாரிடம் சான்று இருந்தது?

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று, “உங்கள் விருப்பப்படியே ஒருமுறை செய்து பார்ப்போம்” என்றோம். செய்து பார்த்தோம். ஒத்திகையில் இருந்த ஏழு பேரும் பேசவில்லை. ஒன்றரைப் பக்கத்தில் நான்கு வரி நின்றது; அதுவும் மகள் பேசுவதாக மாறிற்று. மாற்றச் சொன்னவர் அந்த மாணவி.

நம்பிய இடமெல்லாம் வெற்றி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஒளி அமைப்பை ஒப்படைத்த தோழர் மூன்று முறை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அவரோடு வெளிப்படையாகப் பேசி, பொறுப்பை வேறொருவரிடம் மாற்றினோம். அவருக்கு வருத்தம், நமக்கும்தான். நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வதன்று; வேலையைக் கண்திறந்து பார்ப்பது. வேலை குறித்த ஐயத்தை ஆளிடமே சொல்ல வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அல்ல. மெய்யப்பன் தம் ஐயத்தை மறைக்கவில்லை. பெருமாளும் தம் உறுதியை மறைக்கவில்லை. அந்த வெளிப்படை இருந்ததால்தான் கூட்டு உடையவில்லை; படம் பிழைத்தது.

செப்டம்பர் 17 மாலை. தந்தை குனிந்து செருப்பைத் திருப்பி வைத்தபோது கையொலி எழவில்லை. நமக்கு நெஞ்சு படபடத்தது. தோற்றுவிட்டோமோ என்று எண்ணினோம். முன்வரிசையில் பாயில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் சிலர் எழுந்து போய்விட்டனர். அவர்கள் ஏன் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டு வாசலிலும் செருப்புகள் உள்ளன.

அறிவிப்புத் தட்டியில் ‘எழுதியவர்’ என்று நம் பெயர் மட்டும் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. மறுநாள் காலை, பள்ளிக்குப் போகுமுன், சாயக் குப்பியும் தூரிகையும் எடுத்துச் சென்று, அதே அளவு எழுத்தில் இன்னும் ஆறு பெயர்களை எழுதினோம். விழா முடிந்த தட்டியில் எழுதி என்ன பயன் என்று தையற்கடைத் தோழர் கேட்டார். “அடுத்த நாடகத்துக்கு” என்றோம்.

தோழர்களே! ‘பராசக்தி’யைப் படைத்தது யார் என்று இனி எவரேனும் கேட்டால், ஒரு பெயர் சொல்லாதீர்கள். எழுதியவர், நடித்தவர், நடித்தவரை விட்டுக்கொடுக்காதவர், குறை கண்டு சொன்னவர், காத்திருந்தவர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல, உங்கள் ஊர் மன்றத்தில் மூலையில் பேசாமல் நிற்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். அவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். ஒப்படைத்தபின் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்!